சிஐடி டாக்டர் வீட்டுக் கேஸ்

குழந்தைகள் அவசரப் பிரிவில் அவரை எல்லோரும் சிஐடி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் அறை வாசலில் பலகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பட்டப்பெயரைச் சூட்டியவர் சக்கர நாற்காலி தள்ளும் ஊழியர். மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பையனின் அப்பாவிடம் டாக்டரம்மா நடத்திய விசாரணையை அவர் வாசலில் நின்று முழுக்கக் கேட்டார். பட்டாணி எங்கிருந்து வந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், பையன் தானே போட்டுக்கொண்டானா, யாராவது போட்டுவிட்டார்களா, இதுதான் முதல் பட்டாணியா. கடைசிக் கேள்வியில் அந்த அப்பா நிலைகுலைந்து, சின்ன வயதில் தானும் ஒரு அழிரப்பர் துண்டை மூக்கில் போட்டுக்கொண்ட கதையை யாரும் கேட்காமலே கக்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் பெயர் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. டாக்டரம்மாவின் காதுக்கும் எட்டியது. அவருக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

அவர் அப்படித் துருவுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காய்ச்சல், இருமல் என்று வரும் குழந்தை வேறு; அடிபட்டோ, சுட்டுக்கொண்டோ, எதையாவது விழுங்கியோ, வண்டி மோதியோ வரும் குழந்தை வேறு. இரண்டாவது வகை எதுவானாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி. வருவதில் பெரும்பாலானவை வெறும் விபத்துதான். கட்டிலிலிருந்து விழுவார்கள், மாடிப்படியில் உருளுவார்கள், யாரோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த தரை கழுவும் மருந்தை ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார்கள். ஆனால் எப்போதாவது ஒன்று விபத்தாக இருக்காது. அந்த ஒன்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மற்றவர்கள் சொல்லும் அதே 'கட்டில்லேர்ந்து விழுந்துட்டான் டாக்டர்' என்ற வார்த்தையோடுதான் அதுவும் வரும். ஆகவே ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் கேட்டுவிடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்துகொண்டார். முடிவு செய்ததை அவர் மாற்றிக்கொள்வதும் கிடையாது.

அம்மாவை ஒரு அறையிலும் அப்பாவை இன்னொரு அறையிலும் உட்காரவைப்பார். இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகம். வார்த்தை பிசகாமல் ஒத்துப்போனால் அதைவிடப் பெரிய சந்தேகம். நிறைய விளக்கினால் எதற்கு இவ்வளவு விளக்கம் என்று தோன்றும். சுருக்கமாகச் சொன்னால் எதையோ மென்று விழுங்குகிறார்கள் என்று தோன்றும். அப்படியானால் எப்படித்தான் பதில் சொல்வது என்று மூத்த நர்ஸ் ஒருமுறை கேட்டதற்கு, உண்மையைச் சொன்னால் போதுமே என்றார் டாக்டரம்மா, ஏதோ உலகத்திலேயே சுலபமான காரியம் அதுதான் என்பதுபோல.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவர் ஏட்டம்மா. ஆஸ்பத்திரி வாசலில் போலீசுக்கு என்று ஒரு சின்ன அறை இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண் ஏட்டு அவர். ஓய்வு பெறப் பக்கத்தில் வந்துவிட்டவர், முழங்கால் வலிக்காரர். டாக்டரம்மா கூப்பிடும்போதெல்லாம் சரிவுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வருவார். வந்து பார்த்தால், குழந்தை நாற்காலியிலிருந்து விழுந்து மண்டையில் ஒரு புடைப்போடு பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"டாக்டர், நாற்காலியிலேர்ந்து விழுந்ததுக்கு நான் யாரைப் புடிச்சு உள்ள போடறது? நாற்காலியையா?"

"நாற்காலியை யார் அங்க போட்டாங்கன்னு கேளுங்க" என்றார் டாக்டரம்மா, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

ஏட்டம்மா தலையில் அடித்துக்கொண்டே போய்க் கேட்டார். கேட்டும் வந்தார். அதனால் இருவருக்கும் இடையே ஒரு மாதிரியான மரியாதை இருந்தது. சண்டை போடாத நாளில் இருவருக்கும் ஏதோ குறைவது போலிருக்கும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பார்வை சும்மா இருந்துவிடுமா என்ன. உறவினர் வீட்டுக்குப் போனால் எல்லோரும் குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். டாக்டரம்மா மட்டும் முழங்காலுக்குக் கீழே பார்ப்பார். ஓடியாடும் குழந்தைக்குக் கணைக்கால் எலும்பின் மேல் நீலம் பாரித்திருந்தால் அவருக்கு நிம்மதி. காதுக்குப் பின்னாலோ, தொடையின் உள்பக்கமோ இருந்தால்தான் அவர் குரல் மாறும். இந்த நுணுக்கம் நாத்தனாருக்குப் புரியவில்லை. அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டும் பம்பரம். "அத்தை வர்றாங்க, முழுப் பேன்ட்டை மாட்டுங்கடா" என்று அவர் உள்ளே விரட்டுவது வாசல் வரை கேட்கும். வெயில் கொளுத்தும் மதியத்தில் இரண்டு பையன்களும் கணுக்கால் வரை மூடிக்கொண்டு வியர்த்து வழிய வந்து நிற்பார்கள். உடனே டாக்டரம்மாவுக்கு, இந்த வெயிலில் எதற்கு முழுப் பேன்ட் என்று சந்தேகம் வரும்.

டாக்டரம்மாவின் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோணமும் வட்டமும் சொல்லிக்கொடுப்பவர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். வகுப்பில் பையன்கள் அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள் என்று கேள்வி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண்ணும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை வாண்டு என்று கூப்பிட்டார்கள். இரண்டரை வயது. உட்காரச் சொன்னால் நிற்பாள், நிற்கச் சொன்னால் குதிப்பாள்.

வாண்டு பிறந்த பிறகு டாக்டரம்மா வீட்டுக்கு என்று ஒரு சட்டமே இயற்றினார். சூடான எதுவும் மேஜை ஓரத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏறக்கூடிய சாமான் இருக்கக் கூடாது. பட்டன் மாதிரி இருக்கும் பேட்டரி வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அதோடு இன்னொன்று: பூங்காவுக்குப் போனால் பெரியவர்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் இறங்கக் கூடாது. வாத்தியாருக்கு இது மட்டும் விளங்கவில்லை. தனியாக விட்டால் ஆபத்து, மடியில் வைத்தால் பாதுகாப்பு என்பதுதானே நியாயம் என்றார். டாக்டரம்மா சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு கரண்டியையும் துணியையும் வைத்து விளக்கினார். குழந்தை தனியாகச் சறுக்கும்போது பாதம் பக்கவாட்டில் மாட்டினால் அது அப்படியே நின்றுவிடும். மடியில் இருந்தால் பின்னால் பெரிய ஆளின் முழு எடையும் தள்ளும். மாட்டிய பாதம் நிற்க, உடம்பு மட்டும் போக, கீழ்க்கால் எலும்பு ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு உடையும். இதைப் பார்த்தால் யாரோ காலைப் பிடித்துத் திருகியது போலவே இருக்கும், அந்த அப்பா அம்மாவை நான் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் தெரியுமா என்று முடித்தார். வாத்தியார் கரண்டியை எடுத்துச் சாம்பாருக்குள் போட்டுவிட்டு, சரி, இனி சறுக்குமரம் பக்கமே போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். டாக்டரம்மாவுக்கு டூட்டி, வாத்தியாருக்கு விடுமுறை. அவசரப் பிரிவில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்து, டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தபோது, பழகிய அழுகைச் சத்தம் ஒன்று வாசலில் கேட்டது. ஊரில் எத்தனையோ குழந்தை அழும். தன் குழந்தை அழுவது மட்டும் அம்மாவுக்கு அடிவயிற்றில் கேட்கும். திரும்பிப் பார்த்தால் வாத்தியார் நிற்கிறார். தோளில் வாண்டு. அவர் முகம் வெளுத்திருந்தது; சட்டை ஒருபக்கம் கசங்கியிருந்தது.

சோபாவிலிருந்து விழுந்துவிட்டாள், வலது காலை ஊன்ற மாட்டேன் என்கிறாள் என்றார் வாத்தியார். ஒரே மூச்சில் சொன்னார். டாக்டரம்மா அப்போது டாக்டராக இல்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார், மேஜையில் கிடத்தினார், காலணியைக் கழற்றினார், உள்ளே இருந்த மணலைக் குப்பைத் தொட்டியில் தட்டினார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். வாண்டு வீறிட்டாள். படம் எடுக்கச் சொன்னார்.

படம் திரையில் வந்தபோது பக்கத்தில் புது டாக்டர் நின்றிருந்தார். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றலாகி வந்தவர். நெடுநெடுவென்ற ஆள்; அளந்து பேசுபவர். எதையும் அவசரமில்லாமல் வரிசைப்படி செய்வார் என்பதால், அவர் ஆமை வேகத்தில் வேலை செய்கிறார் என்று டாக்டரம்மா இரண்டு மூன்று பேரிடம் குறைபட்டிருந்தார். அது அவர் காதுக்கும் போயிருந்தது.

கீழ்க்கால் எலும்பில் மெல்லிய கோடு ஒன்று கொடி சுற்றிய மாதிரி சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. முறுக்கி உடைந்த எலும்பு. சோபாவிலிருந்து பொத்தென்று விழுந்த கால் அப்படி உடைவது அபூர்வம். இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர்கள் தங்கள் குழந்தைக்குத் தாங்களே வைத்தியம் பார்க்கக் கூடாது. அதனால் கேஸ் புது டாக்டர் கைக்குப் போனது. வலிக்கு மருந்து கொடுத்தார், காலை அசையாமல் கட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், கொஞ்சம் உட்காருங்க. சில கேள்வி கேக்கணும்."

"என்கிட்டயா?"

"குழந்தையோட அம்மாகிட்ட" என்றார் அவர்.

டாக்டரம்மா பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் கட்டையாக இருந்து நாற்காலி லேசாக ஆடியது. எதிரே கண்ணில் அடிக்கிற மாதிரி விளக்கு. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாராயிருந்தாலும் குற்றவாளி மாதிரிதான் முழிப்பார்கள் என்று அவருக்கு முதன்முறையாகத் தோன்றியது.

சம்பவம் நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று புது டாக்டர் கேட்டார். உங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்றார் டாக்டரம்மா கொஞ்சம் வெடுக்கென்று. அவர் அதையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். இதற்கு முன்னால் குழந்தைக்கு அடிபட்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. டாக்டரம்மா யோசித்தார். கதவு விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. இஸ்திரிப் பெட்டியில் விரல் சுட்டது, ஆனால் அது அணைத்துவைத்த பெட்டி, கொஞ்சம்தான் சூடு, தான் பக்கத்தில்தான் இருந்தேன், திரும்பிய ஒரு நொடியில். ஸ்டூலிலிருந்து விழுந்து நெற்றியில் புடைப்பு, அது பெரிய ஸ்டூல் இல்லை, சின்ன ஸ்டூல், சொல்லப்போனால் மணை மாதிரி. சொல்லச் சொல்லத் தன் குரல் உயர்ந்துகொண்டு போவது அவர் காதுக்கே கேட்டது. எதிரே இருந்தவர் எதையும் மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் தாங்க முடியவில்லை.

"அவ ரொம்ப துறுதுறுன்னு இருப்பா" என்றார் கடைசியில்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத பெற்றோரை அவர் பார்த்ததே இல்லை. கேட்கும்போதெல்லாம் அதற்கு அடியில் ஒரு கோடு கிழிப்பது அவர் வழக்கம். புது டாக்டரின் பேனா இப்போது எங்கே போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். நேர்கோடாக ஏதோ இழுத்த மாதிரிதான் இருந்தது.

அடுத்தது வாத்தியார். அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். நடுவில் கண்ணாடி. சத்தம் கேட்கவில்லை, உருவம் தெரிந்தது. வாத்தியார் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு காகிதத்தை வாங்கி ஏதோ வரைந்து காட்டினார். புது டாக்டர் வெளியே வந்து, சோபாவிலிருந்துதான் விழுந்தாள் என்று அவர் உறுதியாகச் சொல்வதாகவும், எந்தக் கோணத்தில் விழுந்தாள் என்று படம்கூடப் போட்டுக் கொடுத்ததாகவும் சொன்னார். ஆனால் எலும்புக்கும் சொல்வதற்கும் பொருந்தவில்லை என்றார். இப்படியே இருந்தால் குழந்தையை இங்கேயே வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் படம் எடுக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது டாக்டரம்மாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வரிசையை ஏற்படுத்தியதே அவர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்தார். எறும்பை மிதித்துவிட்டால்கூட வருத்தப்படும் மனிதர். இரவில் குழந்தை புரண்டால் தனக்கு முன்னால் விழிப்பவர். இவரையா. ஆனால் 'அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை டாக்டர்' என்று எத்தனை பெண்கள் இதே இடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதில் சிலர் சொன்னது பொய்யாகிப் போனதும் அவருக்குத் தெரியும். பொய் சொல்கிறார் என்பது மட்டும் நிச்சயம். மூன்று மாடி தள்ளிக் கேட்டாலும் அவர் பொய் சொல்லும் குரல் டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஏன் சொல்கிறார்? பரீட்சை நேரம், பள்ளிக்கூடத்தில் நெருக்கடி, இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வாண்டு வேறு காலையிலிருந்து அடம். ஒரு நொடி பொறுமை இழந்து காலைப் பிடித்து இழுத்திருந்தால்? அந்த எண்ணத்தை அவர் விரட்டிப் பார்த்தார், அது போகவில்லை. வேறு யாராவது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் எப்படி யோசிப்பாரோ, அப்படியேதான் மனம் யோசித்தது. எழுந்து போய்க் குழந்தையின் மற்ற கால், கை, முதுகு, காதுக்குப் பின்புறம் எல்லாவற்றையும் தடவுவது போலத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கணைக்காலில் மட்டும் வழக்கமான நீலம். வாண்டு மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

இதற்குள் ஏட்டம்மா மேலே வந்துவிட்டார். இந்தத் தடவை அவருக்கு மூச்சு வாங்கியதாகவோ முழங்கால் வலித்ததாகவோ தெரியவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து விறைப்பாக ஒரு தலையசைப்பு. நேராகப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே பார்த்தால், ஏட்டம்மா வாத்தியார் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பி ரசிக்கிறார், ஏதோ கேட்கிறார், வாத்தியார் திருதிருவென விழிக்கிறார், பிறகு குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறார்.

ஏட்டம்மா வெளியே வந்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டார் டாக்டர். எல்லாத்தையும் சொல்லிட்டார். ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன கண்டிஷன்?"

"போலீஸ்கிட்ட சொல்லலாமாம், கமிட்டிகிட்ட சொல்லலாமாம். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம். கையைப் புடிச்சுக் கெஞ்சறார்."

டாக்டரம்மா எழுந்து நின்றார்.

"சறுக்குமரமாம்" என்றார் ஏட்டம்மா. "மடியில வெச்சுக்கிட்டு."

நடந்தது இதுதான். வாண்டு காலையிலிருந்து பூங்கா பூங்கா என்று உயிரை வாங்கினாள். பூங்காவுக்குப் போனால் சறுக்குமரம்தான் வேண்டும் என்றாள். தனியாக உச்சியில் உட்காரவைத்தால் பயந்து அழுதாள். கீழே வரிசையில் நாலைந்து குழந்தைகள் காத்துக்கொண்டு கூச்சல் போட்டன. வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார், மனைவி ஆஸ்பத்திரியில், யாருக்குத் தெரியப்போகிறது. ஏறி, மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை இறங்கினார். பாதி வழியில் வாண்டுவின் காலணி பக்கவாட்டுத் தகரத்தில் மாட்டியது. கரண்டியும் துணியும் வைத்து டாக்டரம்மா விளக்கியது அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் அவர் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். சோபாவைப் பற்றி மட்டும் வீட்டில் எந்தச் சட்டமும் இல்லை.

புது டாக்டர் அதையும் உடனே நம்பிவிடவில்லை. வாண்டு தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, எங்கே போனாய் என்று கேட்டார். "அப்பா, நானு, சர்ர்ர்ர்" என்று கையை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினாள் அவள். பிறகு அவர் வாண்டுவின் காலணியைப் பார்த்தார், குப்பைத் தொட்டியைப் பார்த்தார். உள்ளே ஒரு பிடி மணல். சோபாவில் மணல் இருக்காது. அதைத் தன் கையாலேயே தட்டிக் கொட்டியவர் யார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மூத்த நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; அவர் தோள் குலுங்கியது.

டாக்டரம்மா கணவர் இருந்த அறைக்குள் போனார். வாத்தியார் எழுந்து நின்றார், வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி. திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொள்ளாத குறை. டாக்டரம்மாவுக்குத் திட்ட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். வாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் ஏட்டம்மாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

வாண்டுவின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவளைத் தூங்கவைத்த பிறகு டாக்டரம்மா சொன்னார். மறைத்துவைக்க அவருக்குத் தெரியாது.

"ஒரு விஷயம் சொல்லணும். நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்."

"நான் பொய் சொன்னேன்ல, சந்தேகப்படாம?"

"அது இல்லைங்க. நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். நிஜமாவே."

வாத்தியார் சிரித்துக்கொண்டே இருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து போய் மாவுக்கட்டின் கீழ் வைத்திருந்த தலையணையைச் சரிசெய்தார், செய்ததையே மறுபடி செய்தார். அந்த வார இறுதி முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. டாக்டரம்மாவும் சமாதானம் சொல்லிப் பூசி மெழுகவில்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வாத்தியார் கேட்டார்: "அந்தப் புது டாக்டர் நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தா, நீ என்ன சொல்லியிருப்பே?" தகுதியில்லாத ஆள் என்று சொல்லியிருப்பேன் என்றார் டாக்டரம்மா யோசிக்காமல். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் வலியோடு வந்த சிரிப்புதான், ஆனாலும் வந்தது. புது டாக்டரைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவின் கேள்விகள் குறைந்தன என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த ஆடும் நாற்காலியை மட்டும் மாற்றச் சொன்னார், விளக்கைத் திருப்பிவைத்தார். கூடவே, கேட்பதற்கு முன்னால் சொல்ல ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். "வீட்ல யாராவது திட்டுவாங்களேன்னு எதையும் மறைக்காதீங்க. நீங்க சொல்றதை நான் வீட்ல போய் ஒப்பிக்க மாட்டேன்." இத்தனை நாள் மக்கள் போலீசுக்குப் பயந்து பொய் சொல்கிறார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். அப்படி இல்லை. மனைவிக்கும், மாமியாருக்கும், அக்காவுக்கும் பயந்துதான் பாதிப் பொய் பிறக்கிறது. அந்த வார்த்தையைச் சேர்த்ததிலிருந்து உண்மைகள் கொட்டத் தொடங்கின. கட்டிலிலிருந்து விழுந்ததாக வந்த பையன், மாமா அவனை மீன் பிடிக்கும் வலையில் போட்டு ஊஞ்சல் ஆட்டியதில் விழுந்தவன் என்று தெரிந்தது. சோப்பு நுரை கண்ணில் பட்டதாக வந்த குழந்தைக்கு அத்தை உதட்டுச் சாயத்தைக் கண்ணுக்குப் போட்டு அழகு பார்த்திருந்தாள். ஏட்டம்மாவின் முழங்காலுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. ஆனால் கதை கேட்கிற ஆசையில் அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஏறி வரத் தொடங்கியிருந்தார்.

எல்லாம் சிரிப்புக் கதையாகவே இருக்கவில்லை. ஒருநாள் ஏழு வயசுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. இரட்டைப் பின்னல். மணிக்கட்டில் வீக்கம். படியில் வழுக்கி விழுந்தாள் என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. பின்னலை விலக்கிப் பார்த்தபோது காதுமடலின் பின்னால் பழைய நீலம். டாக்டரம்மா எப்போதும் சொல்லும் வார்த்தையைச் சொன்னார். அந்த அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பழைய டாக்டரம்மாவாக இருந்தால் அடுத்தடுத்த கேள்வியை வீசியிருப்பார். இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவராக, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது மூத்த நர்சுக்குத்தான் தெரியும். கடைசியில் அந்த அம்மா, வீட்ல சொல்ல மாட்டீங்கல்ல என்று கேட்டாள். வீட்டில் சொல்ல மாட்டேன், ஆனால் போலீசுக்கும் கமிட்டிக்கும் சொல்லாமல் இருக்க முடியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேசினாள். கணவன் குடித்துவிட்டு வந்தால் முதலில் கை படுவது குழந்தையின் மேல்தான் என்றாள்.

ஏட்டம்மா அன்று ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். ஆள் பிடிபட்டான், வழக்கு இழுத்தது. அம்மாவும் பெண்ணும் வேறொரு பகுதியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாட்களில் டாக்டரம்மா வீட்டுக்கு வந்ததும் வாண்டுவை இறுக்கிக் கட்டிக்கொள்வார். அவள் மூச்சு முட்டி நெளிவாள். என்ன கேஸ் என்று வாத்தியார் கேட்டதில்லை. தட்டு எடுத்து வைப்பார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரட்டைப் பின்னல் மறுபடி வந்தாள், சித்தியோடு. இரண்டு முழங்காலும் தோல் உரிந்து, முழங்கையில் ரத்தம், முகமெல்லாம் புழுதி. சித்தி வெலவெலத்துப் போயிருந்தாள். போன தடவை மாதிரி போலீஸ் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரும் என்றார் டாக்டரம்மா, ஆனால் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. சித்தியை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெண்ணின் முழங்காலைக் கழுவிக்கொண்டே எப்போதும் கேட்பதைக் கேட்டார். யார் பக்கத்தில் இருந்தார்கள், எதிலிருந்து விழுந்தாய், யாராவது தள்ளினார்களா.

"யாரும் தள்ளலை. நானேதான். சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினேன்" என்றாள் அவள். மருந்து எரிந்ததில் கண்ணில் நீர் நின்றது. ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது.

டாக்டரம்மா பஞ்சைக் கீழே வைத்தார்.

"எது வரைக்கும் கையை விட்டு ஓட்டினே?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று பார்த்த மாதிரியும் இருந்தது.

"பால்கடை வரைக்கும்" என்றாள். "அங்க ஒரு நாய் குறுக்க வந்திருச்சு. இல்லேன்னா இன்னும் போயிருப்பேன்."